மறந்தால் மீளும் நோய்

நாகம் என்னும் உலோகம் நமக்குப் புதியதன்று. கிணற்றடியிற் கிடக்கும் வாளி துருப்பிடியாதிருப்பதற்கு அதன்மேற் பூசப்பட்ட நாகமே காரணம். கைவிளக்கில் இடும் சாதாரண மின்கலத்தின் உறையும் நாகத்தாலானதே. வெயிற்காலத்தில் வேர்க்குருவுக்குத் தடவுகின்றோமே, இளஞ்சிவப்பு நிறமான கலமைன் மருந்து, அதிற் கலந்திருப்பதும் நாக ஒட்சைட்டே. தமிழகத்தார் இதனைத் துத்தநாகம் என்பர்; நம் நாட்டுப் பாடநூல்கள் நாகம் என்றே வழங்கும். இத்துணைப் பழக்கமான இவ்வுலோகம் நமது உடலுக்குள்ளும் இருக்கின்றது என்பதையும், அது அற்றுப்போனால் உயிருக்கே இறுதி நேரும் என்பதையும் நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள நாகம் முழுவதையும் ஒன்றுதிரட்டினாலும் ஏறத்தாழ 2 கிராம் அளவே தேறும். ஆயினும், உடலில் இயங்கும் நொதியங்களில் 300க்கு மேற்பட்டவை இதன் துணையை நாடி நிற்கின்றன. கலங்கள் பெருகுவதற்கும், புண் ஆறுவதற்கும், நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கும், நாவிற் சுவை தெரிவதற்கும், பிள்ளைகள் வளர்ந்து பருவமெய்துவதற்கும் நாகம் வேண்டும். நாளொன்றுக்கு ஆண்களுக்கு 11 மில்லிகிராமும் பெண்களுக்கு 8 மில்லிகிராமும் உணவிற் கிடைத்தல் நன்று என்பது அமெரிக்க உணவியலார் வகுத்த கணக்கு. நண்டு, சிப்பி, இறைச்சி, முட்டை, பருப்பு, கடலை, எள் முதலியவற்றிலே நாகம் உண்டு. ஒழுங்காக உண்பவர்க்கு இது பற்றிக் கவலை வேண்டுவதில்லை.

ஆனால், எவ்வளவு நல்லுணவு உண்டாலும் அதிலுள்ள நாகத்தைக் குடல் ஏற்றுக்கொள்ளாத ஒரு குறையுடன் சிலர் பிறக்கின்றனர். ஏறத்தாழ 5 இலட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்று மதிக்கப்படும் அரிய நோய் அது. முன்னாளில் அந்நோயுற்ற குழந்தைகள் வளர்ந்து பெரியவராவதே அரிது. இன்றோ அவர்கள் பள்ளி செல்கின்றனர், தொழில் புரிகின்றனர், மணம் முடித்து மக்களைப் பெறுகின்றனர். குழந்தைப் பருவத்தைக் கடந்துவிட்ட அவர்களை வளர்ந்த பின்னரும் தொடரும் ஆபத்து யாது என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

பால் மறந்ததும் தொடங்கும் துன்பம்

சுவீடன் நாட்டுத் தோல்நோய் வைத்தியரான தோர் பிராண்ட் என்பார் 1936ஆம் ஆண்டிலே சில குழந்தைகளிடம் ஒரு விசித்திரமான நோயைக் கண்டு எழுதினார். பின்னர் 1942இல் நோர்வே நாட்டைச் சேர்ந்த நீல்ஸ் டான்போல்ட், கார்ல் குளொஸ் என்னும் இருவர் அதனைத் தனியொரு நோயாக வகுத்து, ‘அக்ரோடெர்மடைட்டிஸ் என்ரரோபதிக்கா’ எனப் பெயரிட்டனர். உடலின் முனைப்பகுதிகளில் தோல் அழற்சியும், கூடவே குடற்கோளாறும் உண்டாக்கும் நோய் என்பது அப்பெயரின் பொருள்.

நோயின் போக்கு எல்லாக் குழந்தைகளிடத்தும் பெரும்பாலும் ஒருபடித்தாகவே இருந்தது. தாய்ப்பால் அருந்தும் வரை குழந்தை நலமாக இருக்கும். பால் மறக்கச் செய்து வேறுணவு ஊட்டத் தொடங்கிய சில வாரங்களில் வாயைச் சூழவும், கைகால் விரல்களிலும், இருக்கும் இடத்திலும் தோல் சிவந்து, கொப்புளித்து, பொருக்குக் கட்டும். தலைமயிர் உதிரும். வயிற்றோட்டம் நில்லாது. விளையாட்டை மறந்து, வெளிச்சத்துக்கு முகம் கொடாமல், குழந்தை ஓயாது சிணுங்கிக்கொண்டேயிருக்கும். நாளடைவில் உடல் தேய்ந்து, கிருமித் தொற்றுகளுக்கு இலக்காகி, அவர்களிற் பலர் இளமையிலேயே மாண்டனர்.

தாய்ப்பாலை மீண்டும் கொடுத்தால் நோய் தணியும் என்பதை அக்கால வைத்தியர்கள் கண்டிருந்தனர். ஏன் தணிகின்றது என்பதை அறிந்திலர். தாய்ப்பாலிலுள்ள நாகம் பசுப்பாலிலுள்ளதைக் காட்டிலும் எளிதாகக் குடலால் ஏற்கப்படுகின்றது என்பது பின்னாளில் தெளிந்த உண்மை.

1953இல் அமெரிக்க வைத்தியர்கள், குடற்கிருமிகளை ஒழிக்கப் பயன்பட்ட ஒரு மாத்திரை இந்நோயைத் தணிப்பதாகக் கண்டனர். அடுத்த 20 ஆண்டுகளும் அதுவே மருந்தாயிருந்தது. பல குழந்தைகளின் உயிரை அது காத்தது. எனினும், நெடுங்காலம் உட்கொண்டோருள் சிலரின் பார்வை நரம்பை அது பழுதாக்கியது. அம்மருந்து குடலில் நாகம் ஏறுவதற்குத் துணைசெய்தமையாலேயே பயன்பட்டது என்பதும் பிற்காலத்திலேதான் தெரியவந்தது.

இலண்டனில் நேர்ந்த மறதி

இதற்கிடையில், 1955இலே பன்றிகளுக்கு உண்டாகும் ஒருவகைத் தோல்நோய் நாகத்தால் மாறுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டறிந்திருந்தனர். விலங்கின் தோலில் விளைந்த அந்த அற்புதத்தையும் மனிதக் குழந்தையின் துன்பத்தையும் இணைத்துக் காண்பதற்கு மேலும் 18 ஆண்டுகள் சென்றன.

இலண்டன் மாநகரிலே எட்மண்ட் மொய்னகன் என்னும் வைத்தியர், பார்ன்ஸ் என்பவருடன் சேர்ந்து, இந்நோயுற்ற சிறுமி ஒருத்திக்குச் சிகிச்சை அளித்து வந்தார். வழமையான மாத்திரையும் கொடுத்தனர். தனிப்பட ஆக்கிய செயற்கை உணவும் ஊட்டினர். போதிய பயன் விளையவில்லை. காரணம் தேடியபோது, அவளுடைய குருதியில் நாகத்தின் அளவு மிகத் தாழ்ந்திருப்பது தெரிந்தது. உடனே நாக சல்பேற்று என்னும் எளிய உப்பை வாய்வழியாகக் கொடுத்தனர். வயிற்றோட்டம் நின்றது, தோலிலிருந்த புண்கள் யாவும் ஆறின. சிறுமி வீடு திரும்பினாள்.

அதன் பின்னர் நேர்ந்ததே நமது கருத்துக்கு உரியது. அவளுக்குக் கொடுத்து வந்த மருந்துகளோடு சேரவேண்டிய அந்த உப்பு ஒருமுறை தவறுதலாக விடுபட்டுப் போயிற்று. நோய் திரும்பி வந்தது. உப்பை மீண்டும் கொடுத்தனர், நோய் மறைந்தது. எவரும் எண்ணிச் செய்யாத ஒரு மறதி, நோயின் மூலகாரணத்தை வைத்தியர்களுக்குக் காட்டிவிட்டது. 1973இல் இச்செய்தி வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் மொய்னகன், இந்நோய் உயிர் கொல்லும் பரம்பரை நாகக்குறையே என்று ‘லான்செற்’ வைத்திய சஞ்சிகையில் அறிவித்தார்.

பழுது எங்கே?

நமது சிறுகுடலின் உட்சுவரிலே, உணவிலிருந்து நாகத்தைப் பற்றி உள்ளே அனுப்பும் வாயில் போன்ற ஒரு புரதம் உண்டு. அதனை ஆக்கும் பரம்பரையலகு 8ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்திருப்பதை 2002இல் இரு ஆராய்ச்சிக் குழுவினர் கண்டனர். அப்புரதத்துக்கு ‘சிப் 4’ என்று பெயர். இவ்வாயில் பழுதுற்றுப் பிறப்பதே நோய்க்கு அடிப்படை. பெருவாயில் அடைபட்டாலும் சுவரிலுள்ள சிறு இடுக்குகளால் ஓரளவு நாகம் உட்புகவே செய்யும். அதனாலேயே, உணவிற் கிடைப்பதைப் போலப் பன்மடங்கு நாகத்தை மருந்தாக உட்கொண்டால் உடல் தனக்கு வேண்டியதைப் பெற்றுவிடுகின்றது. ஆனால், வாயில் மட்டும் திறப்பதில்லை. மருந்து குறையை நிரப்புகின்றதேயன்றிப் பழுதைத் திருத்துவதன்று. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒவ்வொரு பரம்பரையலகும் நமக்குத் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இரண்டு கிடைக்கின்றன. ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலையை நடத்திவிடும். அத்தகையோர் நோயின்றி வாழ்வர். பெற்றோர் இருவருமே அவ்வாறு ஒவ்வொரு பழுதைத் தாங்கியவராயின், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர இடமுண்டு. பாட்டனாரிடமிருந்த ஒரே பழுது, மகன் வழியும் மகள் வழியுமாக இரு பேரப்பிள்ளைகளை அடைந்து, அவ்விருவரும் மணஞ்செய்துகொண்டால், அப்பழுது மீண்டும் ஒன்றுகூடலாம். மச்சான் மச்சாள் மணம் வழங்கிவரும் நமது குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. உறவுக்குள் மணம் செய்தோரெல்லாம் அஞ்ச வேண்டும் என்று நாம் கூறவில்லை. நோய் மிக அரிதானது. குடும்பத்தில் இத்தகைய குழந்தை முன்னர் பிறந்திருந்தால், அச்செய்தியை ஒளியாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பதே நம் கருத்து.

இன்னொன்றையும் பிரித்தறிதல் வேண்டும். தாய்ப்பால் அருந்திக்கொண்டிருக்கும்போதே சில குழந்தைகளுக்கு இதே அறிகுறிகள் தோன்றுவதுண்டு. அங்கே பழுது குழந்தையின் குடலில் அன்று. தாயின் பாலுக்கு நாகத்தை அனுப்பும் வேறொரு புரதத்தில் உள்ளது. அக்குழந்தைக்குப் பால் மறக்கும் வரை நாகம் கொடுத்தாற் போதும். பின்னர் நோய் இல்லை. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலிருப்பினும், முன்னையது வாழ்நாள் முழுவதும் தொடர்வது. பின்னையது சில மாதங்களில் நீங்குவது. இரண்டையும் மயங்கி, நிறுத்தக் கூடாத மருந்தை நிறுத்திவிடுதல் பேராபத்தாகும்.

வளர்ந்த உடலில்

நாகம் இன்றி வளர்ந்தால் உடலுக்கு என்ன நேரும் என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் ஆனந்த பிரசாத் என்னும் வைத்தியர். இந்தியாவின் பீகார் மாநிலத்துப் பக்சார் என்னும் ஊரிற் பிறந்து, அமெரிக்காவில் உயர்பயிற்சி பெற்ற அவர், 1958இல் ஈரான் நாட்டின் சிராஸ் நகரிற் பணியாற்றினார். அங்கே அவரிடம் வந்த நோயாளி ஒருவருக்கு வயது 21. தோற்றமோ 10 வயதுச் சிறுவனுடையது. மீசை அரும்பவில்லை, பருவத்தின் அடையாளம் எதுவும் இல்லை. அவருடைய உணவு பெரும்பாலும் ரொட்டியே. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. தானியத்திலுள்ள பைற்றிக் அமிலம் நாகத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை ஏற்கவிடாமல் தடுத்துவிடும். பின்னர் எகிப்து நாட்டிலே இவ்வாறு வளர்ச்சி குன்றிய இளைஞர்களுக்கு நாகம் கொடுத்தபோது அவர்கள் உயர்ந்து வளர்ந்தனர். சில மாதங்களுள் பருவ மாற்றங்களும் தோன்றின.

அவர்களது குறை உணவால் வந்தது. ஆதலால் உணவைத் திருத்தித் தீர்க்கலாம். நாம் பேசும் நோயில் குறை பிறப்பால் வந்தது. நல்லுணவு மட்டும் அதனைத் தீர்க்காது. ஆனால், நாகம் அற்ற உடல் படும் பாடு இரண்டிலும் ஒன்றே.

பரம்பரை நாகக்குறையுடன் பிறந்த ஒருவர் வளர்ந்த பின்னர் மருந்தைக் கைவிட்டால் நோய் மீள்கின்றது. குழந்தைப் பருவத்திற் கண்ட அறிகுறிகள் எல்லாம் ஒருங்கே வருதல் வேண்டும் என்பதில்லை. நகங்களின் ஓரத்தில் வீக்கமும் புண்ணும் தோன்றலாம். முழங்கை, முழங்கால், விரல்கள், வாயோரம் ஆகிய இடங்களில் தோல் தடித்துச் செதிலாகலாம். அதனைக் கரப்பன் என்றோ செதிள்நோய் என்றோ தவறாகக் கருதிப் பூச்சு மருந்துகளிலே காலம் கழிந்துவிடும். தலைமயிர் மெலிந்து உதிரும். சிறு காயமும் ஆற நாட்செல்லும். அடிக்கடி தொற்றுகள் பற்றும். உணவிற் சுவை தெரியாமற் பசி குன்றும். மங்கிய ஒளியிற் பார்வை தடுமாறும். பகல் வெளிச்சமோ கண்ணைக் கூசச்செய்யும். ஆண்களிடத்தே ஆண்மைச் சுரப்புகள் தளரும். எரிச்சலும் மனச்சோர்வும் மேலிடும். குணம் மாறிவிட்டது என்று வீட்டார் குறைகூறுவரேயன்றி, குருதியில் நாகம் குறைந்துவிட்டது என்பதை எண்ணார்.

சிலரிடத்துப் பருவமெய்தும் காலத்தில் நோய் தானே தணிந்தது போலத் தோன்றும். அதுவே பலரை ஏமாற்றும் காலம். ‘நோய் மாறிவிட்டது’ என்பது வேறு. ‘நோய் அடங்கியிருக்கின்றது’ என்பது வேறு.

தாய்மையின் வாயிலில்

மருந்தை மறத்தலால் விளையும் தீங்கு பெண்களிடத்தே இரட்டிப்பாகின்றது. கருவுற்ற காலத்திலே தாயின் குருதியில் நாகத்தின் அளவு இயல்பாகவே தாழும். வளரும் சிசுவுக்கும் பங்கு வேண்டும். ஆதலால், அதுகாறும் அடங்கியிருந்த நோய் கர்ப்ப காலத்தில் தலைதூக்குவதுண்டு. வருந்துவது தாய் மட்டுமன்று.

1975இல் அமெரிக்காவின் கொலராடோ மாநில வைத்தியர்களான ஹாம்பிட்ஜ், நெல்ட்னர் ஆகியோர், நாகச் சிகிச்சை அறியப்படாதிருந்த காலத்தில் இந்நோயுற்ற பெண்களுக்கு உண்டான 7 கர்ப்பங்களின் வரலாற்றை எடுத்துரைத்தனர். அவற்றுள் ஒன்று கருச்சிதைவில் முடிந்தது; இரண்டில் குழந்தைகள் பெரும் அங்கக்குறையுடன் பிறந்தன. எண்ணிக்கை சிறிதாயினும் செய்தி பெரிது. 1981இல் ‘லான்செற்’ சஞ்சிகை வேறொரு வரலாற்றை வெளியிட்டது. நாக சல்பேற்று உட்கொண்டு வந்த ஒரு பெண்ணின் இரு கர்ப்பங்கள் பற்றியது அது; இரு குழந்தைகளும் நலமாகப் பிறந்தன. இந்த இரு வரலாறுகளுக்கும் இடையில் நிற்பது ஒரு சிறு மாத்திரையே.

ஆகவே, இந்நோயுள்ள பெண் கருவுறுவதற்கு முன்னரே வைத்தியரை அணுகல் வேண்டும். கர்ப்ப காலம் முழுவதும் குருதிச் சோதனை செய்து, தேவைக்கேற்ப மருந்தின் அளவைக் கூட்டுதல் வேண்டும். நமது சமூகத்தில் பெண்ணின் நோயைச் சம்பந்தம் பேசும் காலத்தில் மறைக்கும் வழக்கம் உண்டு. தாய் தந்தையரின் அச்சம் நமக்கு விளங்காததன்று. ஆனால், புகுந்த வீட்டிலே மருந்துக் குப்பியை ஒளித்துவைக்க நேர்ந்த பெண், ஒருநாள் அதனை உண்ணாமலே விட்டுவிடுவாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்வதால் நேரும் சங்கடத்திலும், சொல்லாமையால் நேரும் துயரம் பெரிது.

வாழ்நாள் முழுவதும் ஒரு கடமை

சிகிச்சை எளியது. தொடக்கத்தில் உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் நாகம் கொடுப்பது வழக்கம். பின்னர் வைத்தியர் சோதனை பார்த்துக் கூட்டியோ குறைத்தோ வகுப்பார். மாத்திரையின் நிறையும் அதிலுள்ள நாகத்தின் நிறையும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் கவனித்தல் நன்று. 220 மில்லிகிராம் நாக சல்பேற்றில் ஏறத்தாழ 50 மில்லிகிராமே நாகம். மருந்து தொடங்கிய சில நாட்களில் வயிற்றோட்டம் நின்று முகந்தெளியும். சில வாரங்களிலே தோல் ஆறிவிடும். வைத்திய உலகிலே இத்துணை விரைவாகப் பயன்தரும் மருந்துகள் சிலவே.

அதனைக் கண்டு, நோயில்லாதவர்கள் தாமாகவே நாக மாத்திரைகளை வாங்கி உண்ணத் தொடங்குதல் தவறு. நாகம் மிகுந்தால் குடல் செப்பை ஏற்பது தடைப்படும். செப்புக் குறைந்தால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் உண்டாகும். நோயுள்ளவர்களும் இதன் பொருட்டே, ஆண்டில் சில முறையேனும் குருதியில் நாகத்தோடு செப்பின் அளவையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

மருந்து மலிவானதும் எளியதுமாயிருப்பதே இங்கு ஒரு ஆபத்துமாகின்றது. பெருநோய்க்கு உண்ணும் கசப்பான மருந்தை எவரும் மறவார். நாளும் விழுங்கும் ஒரு சிறு மாத்திரையை மறத்தல் எளிது. குழந்தைக்கு மருந்தூட்டியவள் தாய். அவள் மறந்திலள், குழந்தை பட்ட துன்பத்தைக் கண்ணாற் கண்டவள் அவள். அக்குழந்தைக்கோ அத்துன்பம் நினைவில் இல்லை. 18 வயதில் விடுதிக்குச் சென்று படிக்கும் இளைஞன், தன்னைக் கண்ணாடியிற் பார்க்கின்றான். மாசற்ற தோல், அடர்ந்த மயிர். எனக்கு நோய் ஏது என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகின்றான். மாசற்ற அத்தோல், நோய் இன்மைக்குச் சான்றன்று. மருந்து உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதற்கே சான்று.

எனவே, இத்தகைய பிள்ளையை வளர்க்கும் பெற்றோர்க்கு மாத்திரை கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளை விவரம் அறியும் வயதை எய்தியதும், அதன் குழந்தைப் பருவக் கதையை அதற்குச் சொல்லுதல் வேண்டும். நோயின் பெயரையும், மருந்தின் அளவையும், அதனை ஏன் நிறுத்தலாகாது என்பதையும் எழுதிக் கையிற் கொடுத்தல் வேண்டும். சீதனமாகக் கொடுக்கும் நகையிலும் காணியிலும் அந்த ஒரு தாள் பெறுமதி மிக்கது.

முன்னர் இலண்டன் நகரத்துச் சிறுமிக்கு நேர்ந்த மறதி உலகுக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. அந்த உண்மை இன்று நம் கையில் இருக்கின்றது. அதனை அறிவதற்கு இன்னொருவர் மீண்டும் மறந்து துன்புற வேண்டிய தேவை இல்லை.